முட்டை போடாத ரவை கேக்

என் கணவர் புகைப்படக்காரர். தென்காசியில் கோயிலில் இருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பாஸ்போர்ட் படம் என்று இருபது வருடம் ஓடிய ஸ்டூடியோ. ஆளுக்கொரு செல்போன் வந்தபிறகு அது தேய்ந்துகொண்டே வந்தது. கொரோனா ஊரடங்கில் நின்றே போனது.

அந்த நாட்களில்தான் பழைய பேப்பர் கட்டு ஒன்றைப் பிரிக்கும்போது, அட்டை கிழிந்த ஒரு தீபாவளி மலர் அவர் கையில் சிக்கியது. ஐம்பது வருடத்துக்கு முந்தியது. நடுவில் எட்டுப் பக்கம் முழுக்க, கறுப்பு வெள்ளைப் படங்களில் புகழ்பெற்ற ஒரு நடிகை, பண்டிகைக்குத் தன் வீட்டில் செய்யும் பலகாரங்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கார்த்திகைக்கு, கிருஷ்ண ஜெயந்திக்கு என்று இருபதுக்கும் மேல் இருந்தன. கூடவே ஒரு பெரிய படம். பட்டுப்புடவையும் உயரக் கொண்டையும் கண்ணோரத்தில் வால் நீட்டிய மையுமாக, அடுப்பின் முன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பொழுது போகட்டும் என்று ஒரு நாள் அதில் இருந்த தேங்காய்ப்பால் முறுக்கைச் சுட்டேன். அவர் படம் பிடித்தார். விளையாட்டாக எனக்கும் கொண்டை போட்டு, மல்லிகை சுற்றி, கண்ணுக்கு மை இழுத்துவிட்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் என் தலையைத் தொட்டுப் பூ வைத்துவிட்டதில்லை. அன்று நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பதற்கில்லை.

அவர் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கி அந்த வீடியோவைப் போட்டார். வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனம் அதைப் பார்த்தது. சொந்தக்காரர்களுக்கு அனுப்பியது. அடுத்தது எப்போது என்று கேட்டது. ஊரடங்கு முடிந்து கடைகள் திறந்தபோது என் கணவர் ஸ்டூடியோவைத் திறக்கவில்லை. மாடியைக் காலி செய்து, விளக்குகளையும் வெளிச்சம் பரப்பும் குடைகளையும் கம்பிகளையும் எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

அடுப்படிக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். அதில் இருந்து பார்த்தால் குற்றாலத்து மலை தெரியும். காலையில் உலை வைத்துவிட்டு, மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். மேகம் மாறினால் வெளிச்சமும் மாறுகிறது, ஒரு படத்தோடு அடுத்த படம் ஒட்டமாட்டேன் என்கிறது என்று சொல்லி, அவர் அந்த ஜன்னலில் கறுப்பு அட்டையை வைத்து ஆணி அடித்தார். சத்தம் விழுகிறது என்று மின்விசிறியை நிறுத்தினார். குக்கர் விசில் ஆகாது என்றார். காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால், நான்கு விளக்குச் சூட்டிலும் எண்ணெய்ச் சட்டிச் சூட்டிலும் பட்டுப்புடவையோடு நான் உள்ளே நிற்பேன். வியர்வை மையில் இறங்கினால் நிறுத்தச் சொல்லி ஒற்றி எடுப்பார். திரும்ப முதலில் இருந்து சிரிக்க வேண்டும்.

தீபாவளி வீடியோவை ஆவணியிலேயே எடுக்க வேண்டும். பொங்கல் வீடியோ கார்த்திகையில். பண்டிகை வரும்போது அந்தப் பலகாரத்தின் வாடையே எனக்கு ஆகாமல் போயிருக்கும். திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் தீபாவளிக்கு வந்தால், நாங்கள் வாங்கிவைத்த கடைப் பலகாரத்தைத்தான் எடுத்துத் தின்பாள். வீட்டுக்கு வருமானம் சேனலில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியில் போனாலும் அதே கதைதான். காய்கறிக் கடையில், பஸ்ஸில், கோயில் பிரகாரத்தில் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வார். அந்த நடிகையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் பெயர் தெருக்காரர்களுக்கே மறந்துகொண்டிருந்தது.

போன ஆனி மாதக் கடைசியில், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் ஏதோ வேலையாக மதுரைக்குப் போயிருந்தார். நான் மாற்றுத்துணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். கால் மணி நேரம்தான். அருவியில் பெண்கள் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு பெண்ணின் தலையில் இருந்து நல்லெண்ணெய் வாடை வந்தது. தண்ணீருக்குள் நுழைந்து, பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். முதுகில் அடித்த அடியில் எனக்குள் இருந்த பேச்சு எல்லாம் நின்றுபோனது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டதும் வெளியே வந்தேன்.

துண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருத்தி என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"நீங்க அந்தச் சமையல் அக்காதான? கொண்ட இல்லாம அடையாளமே தெரியல."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பழக்கத்தில் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் காட்டிக்கொடுத்தது. அவள் போனை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் எடுத்தார்கள். ஈர நைட்டியோடு, தலைமுடி முகத்தில் ஒட்டிக் கிடக்க, நான் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் படம், நான் வீட்டுக்கு வரும் முன்னாலேயே அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "அப்படி உன்னப் பாத்துட்டா, பெறகு யாரு வீடியோவ நம்புவா? சீசன் முடியட்டும். ஆளில்லாத நேரமாப் பாத்து நானே கூட்டிட்டுப் போறேன்." கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.  சீசன் முடியும்வரை நான் வெளியே போகவில்லை. கறிகாய்கூட அவரே வாங்கிவந்தார்.

ஆவணியில் தீபாவளி வீடியோவுக்கு மலரில் மிச்சம் இருந்தவற்றில் ரவை கேக்கை எடுத்தோம். ரவையை நெய்யில் வறுத்து, பாலும் சீனியும் சேர்த்துக் கிளறி, கனமான சட்டியில் ஊற்றி மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும் என்று நடிகை சொல்லியிருந்தார். சொன்னபடியே செய்தேன். அடி கரிந்து, மேலே கூழாக நின்றது. தீயைக் குறைத்தேன். கொஞ்சம் மெதுவாகக் கரிந்தது. சட்டியை மாற்றினேன். மூன்றாம் நாளும் அப்படித்தான். விளக்குகளின் சூட்டில் எனக்குத் தலை சுற்றியது. ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன், மை கழுத்துவரை வழிந்தது.

அவர் வெளியே போய் ஒரு பேக்கரிப் பெட்டியோடு வந்தார். அதில் இருந்த ரவை கேக்கை எங்கள் பித்தளைத் தட்டில் கவிழ்த்து, முந்திரியை வரிசையாக வைத்தார். நான் அதை வெட்டி, ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்ட வேண்டும். செய்தேன். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது என்றார். அந்த பேக்கரி கேக்கில் முட்டை இருக்கும் என்பது அன்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

வீடியோ வெளியான இரண்டாவது நாள், பாராட்டுகளுக்கு நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: முட்டையும் போடாமல், மூடி மேலே நெருப்புக் கங்கும் வைக்காமல் இது எப்படி எழும்பும்? அந்த நடிகை வீட்டில் இதைச் செய்தது எங்கள் மாமிதான். நாங்கள் வடகரை.

என் கணவர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, யார் கண்ணிலும் படாதபடி மறைத்துவிட்டார். பெரிய ஆள் பெயர் வந்தால் இப்படி நாலு பேர் கிளம்புவது சகஜம் என்றார். ஆனால் எனக்கு அந்தச் சட்டி தெரியும். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டியவள் நான். அந்த வரியோடு இருந்த பெயரை என் போனில் தேடி, அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். பதிலுக்கு அவள் வீட்டு அடையாளத்தை அனுப்பி, மாமி வரச் சொல்லுகிறார் என்றாள்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று அவரிடம் பொய் சொன்னேன். வடகரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையைத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். வழி முழுக்கத் தென்னந்தோப்பு. சில வயல்களில் நடவுக்குச் சேறு கலக்கித் தொழி அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் துபாயில். எனக்கு எழுதிய மருமகள் என்னை உட்காரவைத்துவிட்டு டீ போடப் போனாள்.

"வீடியோவ ரெண்டு தடவ பாத்தேன்," என்றார் அந்த அம்மா. "கடைசில காட்டுனிய பாத்தியளா, அது கடைப் பண்டம். ஓரத்துல பேப்பர் மடிப்பு விழுந்து கெடந்துச்சு."

எனக்கு முகம் எரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் அதற்கு மேல் அதைப் பேசவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய கணவர் சென்னையில் அந்த நடிகைக்குக் கார் ஓட்டியவர். கல்யாணமானதும் இவரையும் கூட்டிப் போயிருக்கிறார். கார் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு அறை. முதல் நோன்புப் பெருநாளுக்கு அந்த அறை வாசலில் அடுப்பு மூட்டி, தன் உம்மா வீட்டில் செய்வதுபோலத் தம்மடை செய்து, ஒரு தட்டில் வைத்து நடிகைக்குக் கொடுத்திருக்கிறார். ரவையும் முட்டையும் நெய்யும் பாலும் சேர்ந்த பண்டம். கீழே தீ, மூடியின் மேலே தேங்காய்ச் சிரட்டைக் கங்கு. தின்று பார்த்த நடிகை, அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைச் செய்யச் சொல்லிவிட்டாராம்.

"அவங்களுக்குச் சாப்பாடு எல்லாம் அளவுதான். ஒடம்பு வச்சிரும்னு ஒரு அம்மா பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க. தீபாவளியன்னிக்கு விடியக்காலையில, யாருக்கும் தெரியாம எங்க ரூமுக்கு வந்து, தரையில உக்காந்து சுடச்சுடத் தின்பாங்க. நாலு துண்டு, அஞ்சு துண்டு. பெறகு போயி, குளிச்சி, வாசல்ல நிக்க ஜனத்துக்குக் கையக் காட்டுவாங்க."

பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வந்த நாளைப் பற்றிக் கேட்டேன். நடிகை இவரையும் பக்கத்தில் நிற்கக் கூப்பிட்டாராம். கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு நிக்கணும்னு ஆசதான்," என்றார். "அந்தப் படத்துல அவங்களுக்குப் பின்னால ஒரு கதவு இருக்கும். பாதி சாத்துனாப்ல. அதுக்குப் பின்னாலதான் நின்னேன். அவங்க சிரிக்கது கேட்டுச்சு."

"முட்டைய ஏன்மா விட்டுட்டாங்க?"

"தீபாவளிப் புஸ்தகத்துல முட்ட எழுதக்கூடாதுன்னு வந்த ஆளு சொன்னாரு. கங்கு, சிரட்டன்னு எழுதுனா டவுன்ல யாரு செய்வான்னு அதையும் விட்டுட்டாரு. அவங்க எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க. இது வராதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"அப்ப இத்தன வருசமா இதப் படிச்சிச் செஞ்ச ஒரு பொம்பளைக்கும் வரலையா?"

"எப்படி வரும்?" என்று சொல்லி அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை அடுப்படியில் எத்தனை சட்டி கரிந்திருக்கும் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அது அழுகையாக மாறியதை நான் கவனிக்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டில், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.  அந்த அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

அன்று மத்தியானம் முற்றத்திலேயே தம்மடைக்கு அடுப்பு மூட்டினார்கள். அவர் நாற்காலியில் இருந்தபடியே சொல்ல, மருமகளும் நானும் செய்தோம். எட்டு முட்டை. நுரை நிற்கும்வரை அடிக்கச் சொன்னார். ஒரு சிட்டிகை உப்பு. மூடியின் மேல் கங்கைப் பரப்பியபோது காற்றில் சாம்பல் என் புடவையில் விழுந்தது. தட்டிவிட்டேன். வேண்டிய நேரம் ஆனதும் மூடியைத் திறந்தோம். மேலே தேன் நிறத்தில் ஏடு பிடித்து, ஓரம் விலகி நின்றது. வாசற்படியில் உட்கார்ந்து தின்றேன். யாருக்காகவும் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது, இதை வீடியோவில் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லு, முட்டை போட வேண்டும் என்று கட்டாயம் சொல்லு என்றார். பெயரைச் சொல்லலாமா என்றதற்குக் கொஞ்சம் யோசித்தார். "சொல்லிக்கோ. இப்ப வேண்டாம்னு சொல்ல ஆளில்ல."

வீட்டில் என் கணவர், நான் கொண்டுவந்த தம்மடை டப்பாவைத் திறந்து நின்றபடியே இரண்டு துண்டு தின்றார். எந்தக் கடை என்று கேட்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன், ஜாக்கெட் பொய்யையும் சேர்த்து. அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நடிகை செய்ததே இல்லை என்று நாமே சொன்னால் பிறகு சேனல் எதற்கு என்றார். தீபாவளிப் பலகாரத்தில் முட்டை என்றால் திட்டியே தீர்த்துவிடுவார்கள் என்றார். பேக்கரி விஷயத்தைச் சொன்னால் இதுவரை செய்தது எல்லாமே பொய் என்பார்கள் என்றார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரிதான். அதனால் நான் வாதாடவில்லை.

"எனக்கு அந்த ஜன்னலத் தொறக்கணும்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கேக்குக்கும் ஜன்னலுக்கும் என்ன என்று கேட்டார்.

"மூணு வருசமா உள்ள வேகுதேன். நீங்க பாத்துக்கிட்டேதான் இருக்கிய."

 அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "என்னய என்ன செய்யச் சொல்லுத? ஊர்ல உள்ள கல்யாணம் பூரா நான் எடுத்தது. இப்ப ஒருத்தன் கூப்பிடல. என் கையில இருக்கது இது ஒண்ணுதான்." அந்த அடைத்த அறையில் விளக்குகளுக்குப் பின்னால் அவரும்தான் மூன்று வருடமாக நின்றுகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் அந்த இரக்கத்துக்காக விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ஆணியைப் பிடுங்கி அட்டையை இறக்கினேன். ஜன்னல் கொக்கி துருவேறி இறுகிப் போயிருந்தது. அம்மிக்குழவியால் தட்டித்தான் திறந்தேன். பிறகு, அன்றாடம் கட்டும் சேலையோடு, புறவாசலில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டினேன். படம் பிடிக்கக் கூப்பிட்டேன். அவர் வாசல்படிவரை வந்தார், கேமராவை எடுக்கவில்லை. என் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு நானே பேசினேன். இது வடகரையில் கற்றுக்கொண்ட தம்மடை, பெருநாள் பண்டம், நடிகைக்கு இதைச் செய்துகொடுத்தவர் இன்னார் என்று அந்த அம்மாவின் பெயரைச் சொன்னேன். போன வீடியோவில் நான் வெட்டியது கடையில் வாங்கியது என்றும் சொன்னேன்.

முடித்த பிறகுதான், அதை எப்படி வெளியிடுவது என்று எனக்குத் தெரியாது என்பதே நினைவுக்கு வந்தது. முகம் என்னுடையது, கை என்னுடையது, குரல் என்னுடையது. சேனலின் கடவுச்சொல் அவரிடம் இருந்தது. கேட்டேன். பார்க்கலாம் என்றார். அன்றும் மறுநாளும் நாங்கள் சாப்பாட்டுக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் அவரே வெளியிட்டார். எனக்குச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் பார்த்தேன். வெளிச்சத்தைச் சரிசெய்து, குடத்தின் விளிம்பை மறைத்து, நன்றாகவே தொகுத்திருந்தார். அந்த அம்மாவின் பெயரை எழுத்திலும் போட்டிருந்தார். பேக்கரியைப் பற்றி நான் சொன்னதை மட்டும் வெட்டிவிட்டார்.

அதற்காகச் சண்டை போட்டேன். பாதி உண்மை போதாதா என்று கேட்டார். போதாது என்றேன். இன்றுவரை அது வெட்டப்பட்டபடிதான் இருக்கிறது. பழைய வீடியோவில் நான் இன்னமும் கடைப் பண்டத்தைக் கடித்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் பயந்தபடியே சிலர் முட்டைக்காகத் திட்டினார்கள். கொண்டை எங்கே என்று நிறையப் பேர் கேட்டார்கள். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், ஆனால் அறுந்துபோகவில்லை. அவர் இரண்டு கல்யாண ஆல்பம் வேலை தேடிப் பிடித்தார். இப்போது மாதத்துக்கு இரண்டு வீடியோ. மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் கொண்டை உண்டு. அதற்கு நான்தான் சம்மதித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் கொண்டை ஊசி தலையில் ஏறும்போது மூச்சு அடைப்பது மட்டும் நிற்கவில்லை.

தீபாவளியன்று வடகரையில் இருந்து மருமகள் போன் செய்தாள். மாமி வீடியோ பார்த்தாரா என்று கேட்டேன். அவள் தயங்கி, மாமியிடமே கொடுத்தாள். நல்லா இருந்துச்சு, ஆனால் உப்பு போடுவதைச் சொல்ல மறந்துவிட்டாய் என்றார் அந்த அம்மா. பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தைப் பெரிதாக்கித் திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்று மருமகள் பிறகு சொன்னாள்.

மலரில் இன்னும் இரண்டு பலகாரம் மீதி இருக்கின்றன. போன வாரம் என் கணவர் வேறொரு பழைய புத்தகக் கட்டு வாங்கிவந்தார். அதில் இன்னொரு நடிகை, ஆடிப்பெருக்குக்குப் பன்னிரண்டு வகைச் சாதம் சொல்லியிருக்கிறார். அடுக்களை மேடையில் அதை விரித்து வைத்து, எப்போது எடுக்கலாம் என்று கேட்டார்.

"படிச்சிட்டுச் சொல்லுதேன்," என்றேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். இன்னும் படிக்கவில்லை.